நகராவுக்கு எண்ணெய் கொடுத்த நீர்க்காகம்

அந்தக் காலத்தில் பறவைக்கும் மிருகத்துக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். யார் என்ன சொன்னாலும் எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததால் சண்டையும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஓர் ஆற்றின் தென்கரையில் கருங்கல் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதற்கு முறையாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஆற்றுப்பள்ளி என்றால்தான் தெரியும். அதன் வடக்கு வாசலைத் திறந்தால் படித்துறை. மழைக்காலத்தில் ஆறு எட்டாவது படி வரை ஏறி வந்து ஸலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போகும் என்பார்கள்.

வாசலுக்கு மேலே ஒரு மாடம். அதில் நகரா இருந்தது. பெரிய செம்புக் குடத்தின் வாயில் தோலை இழுத்துக் கட்டிய முரசு அது. தொழுகை நேரம் வந்தால் மோதினார் முதலில் நகரா அடிப்பார், பிறகு பாங்கு சொல்லி அழைப்பார். மூன்று அடி அடித்து நிறுத்தினால் தொழுகை. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் வெள்ளம் வருகிறது என்று பொருள். தொழப் போகாதவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். துணி வெளுக்கிறவர், வலை வீசுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர் எல்லோருக்கும் அந்த நகராவில் ஒரு காது இருந்தது.

மாடத்துக்குக் கூரை உண்டு. ஆற்றுப் பக்கம் மட்டும் சுவர் கிடையாது. சுவர் வைத்தால் சத்தம் ஆற்றுக்குள் போகாது. ஆனால் சத்தம் போகிற வழியில்தான் சாரலும் வந்தது.

பங்குனி பிறந்ததும் ஆறு மெலிந்து நடுவில் மணல்திட்டு எழும். கீழத்தெருவிலிருந்து பதினோரு பெண்கள் அந்தத் திட்டுக்குப் போய் வெள்ளரி போடுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சுடலி. அந்த வருஷம் அவள் இடுப்பில் ஆறு மாதக் கைப்பிள்ளை ஒன்று. நாணல் குடிசைக்குள் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு பாத்தியில் வேலை செய்வாள்.

திட்டில் ஒரு நரியும் குடியிருந்தது. வெள்ளரிப் பிஞ்சென்றால் அதற்கு உயிர். ஒருநாள் அது மூச்சிரைக்க ஓடி வந்து, "தண்ணி வருது, தண்ணி வருது!" என்று கத்தியது. எல்லோரும் போட்டது போட்டபடி கரைக்கு ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீரும் இல்லை, பிஞ்சும் இல்லை. இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாம் தடவை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்து, பள்ளிவாசல் கொடியில் காய்ந்த தொப்பி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. "மோதினாரு அனுப்பினாரு. இந்தா, அவரு தொப்பியே அடையாளம்" என்றது. அன்றைக்குப் போனது ஒரு பாத்தி முழுவதும்.

சுடலி அன்றே சொல்லிவிட்டாள். "இனிமே சாமியே நேர்ல வந்து சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது. நகரா நிக்காம அடிச்சாத்தான் எந்திரிக்கணும். அந்தச் சத்தத்தை எந்த நரியும் களவாண்டுட்டு வர முடியாது."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. சரியான பேச்சும்தான்.

நகரா அடிக்கவும் பாங்கு சொல்லவும் பள்ளியில் இருந்த மோதினார் அசனா லெப்பை. நல்ல மனுஷர். மஸ்அலா என்று மார்க்கச் சட்டம் பேச ஆரம்பித்தால் மட்டும் லேசில் விடமாட்டார். ஊரில் செக்கு ஆட்டுகிறவர்கள் எண்ணெய்க் கையோடு தொழ வருவார்கள். தொழுகைக்கு முன்னால் கை, கால், முகம் கழுவி ஒளு செய்ய வேண்டுமல்லவா? அவர்கள் ஹவுள் தொட்டியில் கையை விட்டதும் மோதினார் பிடித்துக்கொள்வார். "எண்ணெய் இருக்கிற இடத்துல தண்ணி சேராது. தண்ணி சேராத ஒளு கூடாது. போங்க, சீயக்காய் போட்டுத் தேய்ச்சுட்டு வாங்க!"

அவருக்கு இன்னொரு தொல்லை, நீர்க்காகம். ஹவுளில் பாசி தின்பதற்கு மீன் விட்டிருந்தார்கள். நீர்க்காகம் தினமும் வந்து அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். மோதினார் கம்பெடுப்பார்.

"ஏ கருப்பா! பள்ளிவாசல் மீனைத் தின்னா வயித்துல தங்காது!"

"தங்குது மோதினாரே. நேத்து தின்னதும் தங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பறக்கும்.

அந்தக் காலத்து நீர்க்காகம் நனையாது. தண்ணீர்ப் பறவைகளுக்கெல்லாம் வால் அடியில் ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணத்தைப் படைத்தவனாகிய ரப்பு வைத்திருக்கிறான். தாரா வாத்து இன்றைக்கும் அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டு இறகில் பூசிக்கொள்வதைப் பார்க்கலாம். நீர்க்காகத்துக்கும் அதேபோல் கிண்ணம் நிறைய இருந்தது. முங்கி எழுந்து ஒரு உதறு உதறினால் போதும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டுவிடும். அடுத்த கணம் ஆகாயத்தில் இருக்கும்.

அந்த வருஷம் சித்திரையிலேயே மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. ஒருநாள் சாரல் அடித்து, நகராவின் தோல் நமுத்துப்போய், சத்தம் பாதியாகக் குறைந்தது. மோதினார் யோசித்தார். எண்ணெய் பட்ட கையில் தண்ணீர் சேராதென்றால், எண்ணெய் பட்ட தோலிலும் சேராதுதானே? விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு மாடத்துக்கு ஏறினார்.

அவர் மனைவி பாத்துமுத்து கீழே முறத்தோடு நின்றாள். "என்ன செய்யப் போறீங்க?"

"நகராவுக்கு எண்ணெய் தேய்க்கப் போறேன். மழை ஒட்டாது."

"நம்ம தோலு உசுருள்ள தோலு. எண்ணெயை வெளியே நிறுத்தும். அது செத்த தோலு. குடிச்சிரும்."

"மஸ்அலா படிச்சவன் நானா, நீயா?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

மோதினார் பொறுமையாகத் தேய்த்தார். தோல் பளபளவென்று இருந்தது. அன்றைக்கு நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு ஏற்கனவே அடித்தாகிவிட்டபடியால் உடனே அடித்துப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுக் கண்ணயர்கிற வேளையில் மழை பிடித்தது. ஊரில் சாதாரண மழைதான். திட்டில் இருந்தவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெள்ளரி பறித்தார்கள். ஆனால் நீர்க்காகம் அப்போது மேற்கே, ஆறு மலையிலிருந்து இறங்குகிற யானைப்பாறையில் இருந்தது. பாறைக்கு மேலே தண்ணீர் செம்மண் நிறத்தில், மரங்களைப் புரட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தது. அது திட்டுக்கு வந்து சேர இரண்டு நாழிகை ஆகும். அதற்கு மேல் ஆகாது.

நீர்க்காகம் நேராகத் திட்டுக்குப் பறந்து வந்தது.

"சுடலி, எந்திரி. பிள்ளையை எடு. மலைத்தண்ணி வருது."

சுடலி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "கேட்டீங்களா? நரிக்கு இப்ப றெக்கை முளைச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் வெள்ளரிக்கா திங்க மாட்டேன். எனக்கு எதுக்குப் பொய்?"

"மீன் களவாணி வேற. உன் பேச்சை வேற நம்பணுமாக்கும். நகரா அடிக்கட்டும், போறோம்."

நாணலுக்குள் படுத்திருந்த நரியும் அதைக் கேட்டது. 'இவன் நம்ம தொழிலைக் கத்துக்கிட்டானே' என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

நீர்க்காகம் பள்ளிக்குப் பறந்தது. அது படித்துறையில் இறங்கியதும் மோதினார் வழக்கம்போல் கம்பை எடுத்தார்.

"மீனுக்கு வரல்ல மோதினாரே. யானைப்பாறையில தண்ணி புரண்டாச்சு. திட்டுல பதினோரு பேரும் பிள்ளையும் இருக்காங்க. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நகராவை அடியும்."

மோதினார் அதன் கண்ணைப் பார்த்தார். கம்பைப் போட்டுவிட்டு மாடத்துக்கு ஓடினார். இரண்டு கையாலும் அடித்தார்.

பொத், பொத் என்றது. நனைந்த மூட்டையில் அடித்த மாதிரி. எண்ணெயைக் குடித்த தோல் தொய்ந்து கிடந்தது. அந்தச் சத்தம் படித்துறை வரைக்கும்கூடப் போகவில்லை.

மோதினார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாத்துமுத்து உட்காரவில்லை. முறத்தில் இருந்த தவிட்டையும் அடுப்புச் சாம்பலையும் அள்ளிக்கொண்டு வந்தாள். தோலில் கொட்டி எண்ணெயை உறிஞ்ச உறிஞ்சத் தேய்த்தாள். மோதினார் சட்டியில் தணல் கொண்டுவந்து காட்டினார். தேய்த்துக் காட்டி, தேய்த்துக் காட்டி, ஒரு நாழிகை போய்விட்டது. தோல் விம்மியது.

மோதினார் "பிஸ்மி" சொல்லி அடித்தார். திம், திம், திம் என்று மூன்று அடி, ஊரெல்லாம் கேட்டது. நாலாவது அடி விழுமுன் காற்று திரும்பியது. சாரல் சடசடவென்று தோலில் அடித்தது. மறுபடியும் பொத் என்றது.

திட்டில் சுடலி காதைக் கொடுத்துக் கேட்டாள். மூன்று அடி. பிறகு ஒன்றும் இல்லை.

"அஸர் தொழுகை நேரம் ஆயிட்டுது" என்றாள். "இன்னும் ரெண்டு பாத்தி பறிச்சிட்டுக் கிளம்புவோம்."

மாடத்தில் பாத்துமுத்து பாயை விரித்துச் சாரலை மறைத்துப் பார்த்தாள். காற்று பாயைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தது. மோதினார் மறுபடியும் தணலைக் காட்டினார். உலர்ந்தது. ஆனால் அடித்து முடிகிற வரைக்கும் உலர்ந்து நிற்காது என்று இருவருக்கும் தெரிந்தது.

"குடிக்காத எண்ணெய் வேணும்" என்றாள் பாத்துமுத்து. "தோலு மேலேயே நிக்கிற எண்ணெய்."

கூரைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நாலைந்து தாராக்கள் நின்றன. மோதினார் அவற்றிடம் திரும்பிக் கைகளை விரித்தார். "உங்க எண்ணெயில கொஞ்சம் தாங்களேன்."

மூத்த தாரா மற்றவற்றைப் பார்த்தது. "கொஞ்சம் பத்தாது மோதினாரே. இவ்வளவு பெரிய தோலுக்கு ஒரு கிண்ணம் முழுசும் வேணும். தினம் ஊறுற எண்ணெய், கிண்ணத்துல அடி எண்ணெய் இருக்கிற வரைக்கும்தான் ஊறும். வழிச்சு எடுத்துட்டா அப்புறம் ஊறாது. நாங்க தண்ணியிலேயே கெடக்கிறவங்க. எங்களுக்குக் குஞ்சும் இருக்கு."

அது சொன்னதில் தப்பொன்றும் இல்லை. யாரும் அதைக் கோபித்துக்கொள்ளவில்லை.

நீர்க்காகம் நகராவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அது ஆற்றைப் பார்த்தது. திட்டில் சாக்குப் போட்ட தலைகள் தெரிந்தன. மேற்கே ஆறு வளைகிற இடத்தில் இரைச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது.

"நனைஞ்சா உன்னால பறக்க முடியாது" என்றது தாரா. "முங்கினா எந்திரிக்க முடியாது."

"தெரியும்" என்றது நீர்க்காகம்.

அது வால் அடியில் அலகை வைத்து அழுத்தியது. எண்ணெயைத் தோலில் வைத்தது. மறுபடியும் எடுத்து வைத்தது. கிண்ணம் காலியானதும், இறகில் ஏற்கனவே பூசியிருந்த எண்ணெயும் ஞாபகம் வந்தது. தோலின்மேல் மல்லாந்து புரண்டது. குப்புற விழுந்து நெஞ்சையும் இரண்டு இறக்கையையும் வைத்துத் தேய்த்தது. அது விலகியபோது சாரல் மறுபடியும் வந்து விழுந்தது. தோலில் பட்ட துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடின.

மோதினார் அடித்தார்.

மூன்று ஆனது. நாலு ஆனது. நிற்கவில்லை.

திட்டில் நாலாவது அடிக்கு எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். ஐந்தாவது அடிக்குக் கூடைகள் கீழே விழுந்தன. சுடலி குடிசைக்குள் பாய்ந்து தொட்டிலோடு பிள்ளையை அள்ளினாள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் தண்ணீர் இருந்த வாய்க்காலில் இப்போது இடுப்பளவு ஓடியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நகராச் சத்தம் வருகிற திசையைப் பார்த்து வந்தார்கள். மழையில் கரை தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் தெரிந்தது.

எல்லோருக்கும் முன்னால் படித்துறையில் வந்து ஏறியது நரி.

பாத்துமுத்து வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினாள். ஏற ஏற வாய்விட்டு எண்ணினாள். பத்துக்கு மேல் ஆள் வரவில்லை. மேலே மோதினாருக்குக் கை கொப்புளித்து உடைந்தது. அவர் நிறுத்தவில்லை.

"சுடலியைக் காணோமே" என்றாள் பாத்துமுத்து.

அதற்குள் தலைக்கு மேலே தொட்டிலைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள் மூன்றாவது படிக்குப் பக்கத்தில் தெரிந்தன. நாலு பேர் இறங்கி இழுத்தார்கள். அவள் கால் படியில் பட்டது. அதன் பிறகுதான் மோதினாரின் கை நின்றது. அவர்கள் திரும்பிப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்தில் ஆறு இருந்தது.

அன்றைக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் தங்கினார்கள். பாத்துமுத்து பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சினாள். நரியும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் ஒரு சிரட்டை கொடுத்தார்கள். அது வெட்கப்பட்டதாகச் சொல்ல முடியாது.

மறுநாள் விடிந்ததும் வெயில் பளிச்சென்று அடித்தது. பசித்த நீர்க்காகம் பழக்கத்தில் படித்துறையிலிருந்து ஆற்றில் குதித்தது. குதித்த உடனே தண்ணீர் இறகுக்குள் புகுந்தது. கல்லைக் கட்டின மாதிரி உள்ளே இழுத்தது. ஒரு மீனைப் பிடித்துவிட்டது. ஆனால் மேலே வர அது பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். கடைசியில் படியில் தொற்றி ஏறி, பறக்கப் பார்த்து, தொப்பென்று விழுந்தது.

மோதினார் ஓடிவந்து துண்டால் துடைத்தார். "இனிமே நீ ஆத்துல இறங்க வேண்டாம். ஹவுள் மீனை நீயே எடுத்துக்க. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

"உம்ம ஹவுள் மீனு ஒரே பாசி நாத்தம்" என்றது நீர்க்காகம், பல் இருந்தால் கிடுகிடுக்கிற குரலில். "வாயில வைக்க விளங்காது."

"அப்ப இத்தனை நாளும் எதுக்கு எடுத்தே?"

"நீரு கம்பைத் தூக்கிட்டு ஓடி வருவீரே, அதுக்கு."

மோதினார் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டு ஏற்கனவே நனைந்திருந்தது.

அப்போது படித்துறையில் சுடலியும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். மாற்றுத்துணி கிடையாது. உடுத்தியிருந்த சேலையின் முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்து, வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

நீர்க்காகம் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தத்தித் தத்திப் போய், சுடலிக்குப் பக்கத்தில் ஒரு படியில் ஏறி, தன் இரண்டு இறக்கையையும் அதேபோல் அகல விரித்தது. சுடலி அதைப் பார்த்தாள்.

"நேத்து உன்னை நரின்னு சொன்னேன்" என்றாள்.

"களவாணின்னும் சொன்னே."

"அதையும் சேர்த்துத்தான் தப்புன்னு சொல்றேன்."

நீர்க்காகம் இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்தது. அதற்குக் குளிராக இருந்தது. வெயில் ஏற ஏற இறகிலிருந்து ஆவி பறந்தது. அவர்கள் சேலை காய்ந்து வீட்டுக்குப் போன பிறகும் வெகுநேரம் அது அப்படியே நின்றது. பிறகு ஒரு தடவை இறக்கையை அடித்துப் பார்த்தது. கால் படியை விட்டு எழும்பியது.

அந்த நாளுக்குப் பிறகு நீர்க்காகத்தின் வால் அடியில் முன்போல் எண்ணெய் ஊறவில்லை. அதன் குஞ்சுகளுக்கும், குஞ்சுகளின் குஞ்சுகளுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை முங்கி எழும்போதும் அது நனைகிறது. கல்லிலோ படியிலோ ஏறி, இரண்டு இறக்கையையும் விரித்து, காய்கிற வரைக்கும் அசையாமல் நிற்கிறது. அதனால்தான் இன்றைக்கும் ஆற்றுப்பள்ளியில் ஒளு செய்ய இறங்குகிறவர்கள், படியில் நீர்க்காகம் நின்றால், தங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி ஒரு படி தள்ளி உட்காருகிறார்கள்.